வளையத்தில் தங்காத ஆப்பம்

விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிற பெண்ணைச் சந்தையில் யாருக்கும் பிடிக்காது; எனக்கு அரசாங்கம் சம்பளம் தந்ததே அந்த வேலைக்குத்தான்.

யுத்த காலத்தில் கொழும்பில் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய், இந்தக் கிழமை விலையைக் கேட்டு வாயடைத்து நின்ற அத்தனை பேரும் என் சொந்தக்காரர்கள். ஒரு வித்தியாசம்தான். நீங்கள் விலையைக் கேட்டுப் பெருமூச்சு விட்டீர்கள், நான் கேட்டு எழுதினேன். வெள்ளவத்தை, மாளிகாவத்தை, கொட்டாஞ்சேனை மூன்றும் என் பொறுப்பு. கிழமைக்கு மூன்று நாள் சுற்றி, அரிசி முதல் நெருப்புப்பெட்டி வரை விலை எழுதி வெள்ளிக்கிழமை திணைக்களத்தில் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எந்தப் பகுதிக்கு எதை அனுப்புவது என்று மேலே தீர்மானிப்பார்கள். சந்தைகளில் எனக்குச் சொந்தப் பெயர் கிடையாது. எல்லாருக்கும் நான் ‘விலை மிஸ்’. அந்தப் பெயரால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பிறகு அது உடைந்த இடத்தில் நீங்கள் சிரிக்க வசதியாக இருக்கும்.

இரண்டு இரும்பு வளையங்கள்

தேங்காய் என்ன விலை என்று கேட்டால் எந்தத் தேங்காய் என்றுதான் கேட்பார்கள். அதற்காக அலுவலகம் இரண்டு இரும்பு வளையங்கள் தந்திருந்தது. சின்னது தேங்காய்க்கு, பெரியது ஆப்பத்துக்கு. வளையத்தில் தங்கினால் அது அரசாங்க அளவு. வளையத்துக்குள்ளால் விழுந்துவிட்டால் அது சிறியது. அதே காசுக்குச் சிறியதைத் தந்தால் விலை ஏறியதாகத்தானே அர்த்தம்? ஆகவே சிறுத்த அளவுக்கு ஏற்ப விலையைக் கூட்டி எழுதி, பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும்.

ஒருநாள் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் சந்தியில் இராணுவம் பஸ்ஸை மறித்துப் பைகளைச் சோதித்தது. என் பையிலிருந்து வளையங்கள், வில்தராசு, இலக்கங்களாலேயே நிரம்பிய கொப்பி எல்லாம் வெளியே வந்தன. அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து ஊர். “மே மொனவத?” என்று ஒரு சிப்பாய் கேட்டார். இவை என்ன என்று சிங்களத்தில் விளக்க நினைத்தேன், வளையத்துக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்பது அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. பையிலிருந்த தேங்காயை எடுத்து வளையத்தில் வைத்துக் காட்டினேன். தங்கியது. சிப்பாய்களின் மேலதிகாரி எழுந்து வந்து, தானும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். இன்னொருமுறையும் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் அவரே பைக்குள் அடுக்கித் தந்துவிட்டு, சிங்களத்தில் மெல்லக் கேட்டார்: “எங்கட அம்மா ஊரில தேங்காய் விக்கிறா மிஸ். யாவாரிமார் எல்லாத்தையும் சின்னது சின்னது எண்டுதான் எடுக்கிறாங்கள். அவவுக்கு இப்பிடி ஒண்டு எடுக்கலாமா?”

முதல் கை

வெள்ளவத்தைச் சந்தையில் வெங்காயம் விற்ற ராசையா அண்ணை சாவகச்சேரி ஆள். ஒருநாள் காலையில் நான் முதல் ஆளாக அரைக்கிலோ வாங்கினேன். பத்து மணிக்கு முன்னம் அவருடைய சாக்கு காலி. அன்றிலிருந்து எனக்குக் கைராசி என்று பட்டம் கட்டிவிட்டார். நான் வருகிற நாளில் நான் தொடாமல் யாருக்கும் நிறுக்க மாட்டார். மற்றப் பெண்கள் கூடையோடு நின்று என்னை முறைப்பார்கள். எனக்கோ உள்ளூரப் பெருமை.

வடக்குப் பாதை மூடி, யாழ்ப்பாண வெங்காயம் கண்ணில் காண முடியாத காலம். கொழும்பு முழுக்க விலை ஏறிக்கொண்டிருக்க, என் கொப்பியில் மட்டும் வெங்காயம் அசையாமல் இருந்தது. வெள்ளவத்தைக்காரர் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் கொப்பியை மூட மறந்து நின்றபோதுதான், எனக்கு அடுத்தவளுக்கு அவர் சொன்ன விலை காதில் விழுந்தது. என்ன அண்ணை, எனக்கு ஒரு விலை அவவுக்கு ஒரு விலையா என்று பாய்ந்தேன். அவருக்கு என் கோபமே விளங்கவில்லை. “உங்களுக்குத் தாறது விலையோ பிள்ளை? அது நான் கடை திறக்கேக்க கற்பூரம் கொளுத்திற மாதிரி.”

மிளகாய்க்கு லீவு

அதற்குப் பிறகு வெள்ளவத்தைக்குப் பதினொரு மணிக்குத்தான் போனேன். கொப்பியில் வெங்காயம் ஒரேயடியாகத் துள்ளியது, செத்தல் மிளகாய் அதற்கு மேலால் துள்ளியது. நான் அறை எடுத்திருந்த வீட்டுக்கார அம்மா, மிளகாய்த்தூள் இடிக்க வழியில்லாமல் மூன்று நாளாக எல்லாரோடும் கொதித்துக்கொண்டிருந்தவர், என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “நீர் எழுதத் தொடங்கின பிறகுதானே எல்லாம் ஏறுது. ஒரு கிழமை லீவு போட்டுப் பாருமன் பிள்ளை, மிளகாய் இறங்குதோ எண்டு.”

பெரியவரின் திட்டம்

வடக்கில் நம்முடைய சண்டை போதாதென்று வளைகுடாவிலும் சண்டை மூண்டது. எண்ணெய் விலை ஏறப்போகிறது, கப்பல் பிந்தப்போகிறது என்று திணைக்களத்தில் கூட்டத்துக்கு மேல் கூட்டம். என் மேலதிகாரி ரத்னபால மாத்தயா நேர்மையான மனிதர், எதையும் கட்டம் போட்டுத்தான் யோசிப்பார். ஒருகொடவத்தைக் களஞ்சியத்தில் ஒதுக்கி வைத்திருந்த மண்ணெண்ணெயை எந்தப் பகுதிக் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு முதலில் அனுப்புவது என்று அவர்தான் வரிசை போட வேண்டும். எந்தப் பகுதியில் கஷ்டம் கூட என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மண்ணெண்ணெய்க்கு அரசாங்கம் விலை கட்டியிருந்தது. கடையில் ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் தாளில் விலை அதேதான்.

அதற்கு அவர் ஒரு வழி கண்டார். தெருவில் சமைத்து விற்கிற சாப்பாட்டைப் பார்ப்போம் என்றார். அடுப்புக்கு எண்ணெய் கிடைக்காதவள் கறுப்புச் சந்தையில் வாங்குவாள், அந்தச் சுமை ஆப்பத்தின் விலையில் தெரியும். எந்தப் பகுதியில் ஆப்பம் கூட ஏறுகிறதோ எண்ணெய் ஏற்றி வரும் பவுசர் முதலில் அந்தப் பகுதிக்கு. கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. இன்றைக்கும் சொல்வேன், நல்ல திட்டம். கூட்டம் முடிந்து எழும்பும்போது மேசையில் தட்டி, தன் சிங்களத்தில் சொன்னார்: “மண்ணெண்ணெய் பொய் சொல்லும் மிஸ். ஆப்பம் பொய் சொல்லாது.”

சும்மா தருகிற நானா

கொட்டாஞ்சேனையில் நான் ஆப்ப விலை எழுதுவது பிலோமினா அக்காவின் கடையில். கடை என்றால் இரண்டு மண்ணெண்ணெய் அடுப்பு, உட்கார ஒரு வாங்கு, ஒரு தகரக் கூரை. புருஷன் அன்ரன் முகத்துவாரத்தில் வள்ளம் வைத்திருந்தார். அந்த எஞ்சினுக்கும் மண்ணெண்ணெய்தான். சங்கக்கடைக் கதவில் ‘பூமிதெல் நே’ என்று கரிக்கட்டியால் எழுதி மூன்று மாதம். மண்ணெண்ணெய் இல்லை என்பதற்கு அதைவிடச் சுருக்கமான அறிவித்தல் வேண்டியதில்லை. வள்ளம் மணலில் கிடந்தது. வீட்டுக்கு வருமானம் ஆப்பத்தில் மட்டும்தான், அந்த அடுப்பும் அணைந்தால் அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி இல்லை.

எப்படியாவது கறுப்புச் சந்தை விலையைக் கண்ணால் கண்டு அறிக்கையில் எழுதிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. மாளிகாவத்தையில் ஜௌபர் நானாவின் இரும்புக்கடையில், சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் போத்தல் போத்தலாக இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, குரலை மாற்றிக்கொண்டு போனேன். நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் ஒரு போத்தலைக் கடுதாசியில் சுற்றிக் கொண்டுவந்து, என் பைக்குள் அவரே வைத்தார். “சும்மா கொண்டு போங்க வெல மிஸ். வெலய மட்டும் கேக்க வாணாம்.”

பக்கத்துத் தட்டு

செவ்வாய்க்கிழமைகளில் பிலோமினா அக்காவின் கடையில் ஒரு ஆப்பம் வாங்கி, வளையத்தில் வைத்துப் பார்த்து, பிறகு அதைச் சாப்பிடுவது என் வழக்கம். ஆப்பம் ஒவ்வொரு முறையும் வளையத்தில் தங்கியது. விலையும் அதேதான். ‘மாற்றமில்லை’ என்று எழுதினேன். எப்படி அக்கா சமாளிக்கிறீர்கள் என்று கேட்டால், “சமாளிக்கிறதுதான் மிஸ்” என்று சிரிப்பார். கெட்டிக்காரி என்று நினைத்தேன். பவுசர் வரிசை வந்தபோது கொட்டாஞ்சேனை கடைசியில் இருந்தது. ஆப்பம் ஏறாத ஊருக்கு என்ன அவசரம்?

அந்தச் செவ்வாய், வாங்கில் எனக்குப் பக்கத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற முனியாண்டி இருந்தார், ஹட்டன் பக்கத்து ஆள். தற்செயலாக அவருடைய தட்டைப் பார்த்தேன். அதிலிருந்த ஆப்பம் என் உள்ளங்கை அளவு. என் தட்டில் பூரண சந்திரன். அண்ணன், நீங்கள் பாதியைச் சாப்பிட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். “இல்லீங்க மிஸ், எங்களுக்கு ரொம்ப நாளா இம்புட்டுத்தான். நீங்க வார அன்னிக்கு மட்டும் அக்கா பெரிய சட்டிய எடுக்கும்” என்றார், புகார் மாதிரிக்கூட இல்லை.

மாதக்கணக்காக நான் அளந்தது கொட்டாஞ்சேனையின் ஆப்பத்தை அல்ல, எனக்கென்று சுட்ட ஆப்பத்தை. வெங்காயத்தில் ஒருமுறை சூடு கண்டும் புத்தி வரவில்லை. பவுசரைக் கடைசிக்குத் தள்ளியது வேறு யாரும் இல்லை, இந்த விலை மிஸ்தான். ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் மாவுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இது என்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தார். “கவர்மெண்டிலிருந்து எழுத வாறீங்க. வீட்டுக்கு வந்த ஆளுக்குக் கிழிஞ்ச பாயையா விரிப்பாங்க மிஸ்?”

முனியாண்டியின் ஆப்பம்

விஷயத்தை விளக்கினேன். சின்ன ஆப்பத்தை எழுதினால்தான் எண்ணெய் வரும், அடுத்த வரிசை வெள்ளிக்கிழமை போடுவார்கள் என்றேன். பிலோமினா அக்காவுக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருடம் இந்த மூலையில் ஆப்பம் சுடுகிறேன், என் கடை ஆப்பம் சின்னது என்று அரசாங்கப் புத்தகத்தில் ஏற்றப் போகிறீர்களா என்று கேட்டார். சின்னச் சட்டி வாங்கியதையே அவர் அயலட்டைக்கு மறைத்து வைத்திருந்தார். வெட்கம் அவருடையது, அடுப்பும் அவருடையது, நான் யார் கட்டாயப்படுத்த? ஆனால் எழுத வேண்டியது என் வேலை. முனியாண்டி அண்ணனிடம் கேட்டு, அவருடைய இரண்டாவது ஆப்பத்தை வளையத்தில் வைத்தேன். அது தயங்கக்கூட இல்லை, நேரே தட்டில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை ரத்னபால மாத்தயா என் தாளை நெடுநேரம் பார்த்தார். இத்தனை மாதம் மாற்றமில்லை, இந்தக் கிழமை மட்டும் ஆப்பம் பாதியாகிவிட்டதா என்று கேட்டார். அறையில் இருந்த மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தமிழ் மிஸ், தமிழ் ஆட்கள் நிறைய இருக்கிற ஊர், ஒரே கிழமையில் விலை ஏற்றம். அவர்கள் என்ன கணக்குப் போடுகிறார்கள் என்று எனக்கு விளங்கியது. எனக்குக் காது இரண்டும் எரிந்தது. பிழை என்னுடையதுதான், ஆனால் இந்தக் கிழமை எழுதியது உண்மை என்று எழுந்து நின்று சொன்னேன். என்ன நடந்தது என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. வரிசைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “நாளைக்குக் காலமை நானே வந்து சாப்பிடுறேன்.”

வெள்ளைச் சட்டைக்காரர்

சனிக்கிழமை காலை ரத்னபால மாத்தயா வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக அந்த வாங்கில் வந்து உட்கார்ந்தார். முனியாண்டி அண்ணன் மரியாதைக்கு எழுந்து நின்றுவிட்டார். பிலோமினா அக்கா சேலையைச் சரிசெய்தார், வாங்கைத் துடைத்தார். பிறகு, எது நடக்கக்கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேனோ அதுவே நடந்தது. அவருடைய கை தானாகப் பெரிய சட்டிக்குப் போனது. வெள்ளைச் சட்டை போட்ட விருந்தாளி, பிறகு எப்படி?

சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது விதி. சொன்னால் நான் செய்தது நாடகம் என்றாகிவிடும். கைகளை மடியில் கட்டிக்கொண்டு இருந்தேன். பெரிய சட்டி அடுப்பில் ஏறியது, மாவுக் கரண்டி உயர்ந்தது. அந்த நேரம் அக்கா என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் இருந்த போத்தலைப் பார்த்தார். பெரிய சட்டியை இறக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, சாக்குக்குக் கீழே இருந்து சின்னச் சட்டியை எடுத்தார். அதை எல்லார் முன்னாலும் எடுத்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மாத்தயா ஆப்பத்தை வளையத்தில் வைத்தார். விழுந்தது. “மேக ஆப்பயக்த?” என்றார். இது ஆப்பம்தானா என்று அவர் கேட்டதில் கிண்டல் இல்லை, அதிர்ச்சிதான் இருந்தது. அதைச் சாப்பிட்டார், இன்னொன்று கேட்டார், பிறகு மூன்றாவதும். பிலோமினா அக்கா தலையை நிமிர்த்திக்கொண்டு, தமிழிலேயே சொன்னார். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. “மூணு சாப்பிட்டாலும் பசி போகாது மாத்தயா. அதைத்தான் மிஸ் எழுதியிருக்கிறாங்க.”

பவுசர்

புதன்கிழமை பவுசர் சங்கக்கடை வாசலில் நின்றது. கான், போத்தல், வாளி என்று கையில் கிடைத்ததோடு கொட்டாஞ்சேனையே வரிசையில் நின்றது. அன்ரன் தன் கானைத் தோளில் வைத்துக்கொண்டு முகத்துவாரத்துக்கு ஓடியதைப் பார்த்தேன். பின்னேரம் அவருடைய வள்ளம் மணலில் இல்லை என்று கேள்விப்பட்டேன். வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் அது ஒன்றுதான், அது போதும்.

அடுத்த செவ்வாய் போனபோது பெரிய சட்டிதான் அடுப்பில். எனக்கு ஒன்று சுட்டுத் தட்டில் வைத்தார், பூரண சந்திரன். பையிலிருந்து வளையத்தை எடுத்தேன். பிலோமினா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார், மாவு ஒட்டிய கை. கண்ணால் முனியாண்டி அண்ணனின் பக்கம் காட்டினார். “முதல்ல அவர் தட்டுல வச்சுப் பாருங்க மிஸ். இனி எனக்கும் உங்க வேலை தெரியும்.”

அன்றிலிருந்து பக்கத்துத் தட்டைப் பார்க்காமல் நான் ஒரு விலையும் எழுதியதில்லை, இந்தப் பழக்கத்தால் கல்யாண வீடுகளில் எனக்குக் கெட்ட பெயர் வந்ததுதான் அந்த இரண்டு யுத்தங்களிலும் எனக்கு நேர்ந்த சேதம்.